தாய்வீட்டுக்குப் போனவள்

பங்குனி 4

போதும். இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்த ஊரில் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றாலும், எதற்கும் ஓர் எல்லை உண்டு.

வெளியூர்க்காரர் யாராவது படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சூல்மதில் என்கிற இந்த நகரம் முழுவதும் ஒரே கோயிலுக்குள் இருக்கிறது. வெளிமதிலுக்கு உள்ளேதான் தெருக்கள், சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம். நடுவில் ஒன்பது நிலைக் கோபுரம். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் அது தெரியும். தெரியாத இடத்தில் வீடு கட்ட அனுமதி இல்லை. கருவறையில் இருப்பவள் நிறைசூலி அம்மை. யுகக்கணக்காக நிறைமாதமாகவே இருக்கிறாள். நிறைமாதக்காரியின் காதில் சாவுச்செய்தி விழக்கூடாது என்பது எந்த வீட்டிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் முன்னோர்கள் அந்த வழக்கத்தை ஓர் ஊர் அளவுக்குப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள்.

ஆகவே சூல்மதிலுக்குள் யாரும் சாவதில்லை. பிழைக்க மாட்டார் என்று நாடி பார்ப்பவர் சொல்லிவிட்டால், அந்த ஆளை மேற்கு மதிலில் உள்ள சின்னக் கதவான மேலைத் திட்டிவாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவார்கள். அந்த இடத்துக்கு அக்கரை என்று பெயர். ஊருக்குள் 'தாய்வீட்டுக்குப் போயிருக்கிறார்' என்று சொல்வோம். பல் போன கிழவரானாலும் தாய்வீடுதான். மறுநாள் வீட்டில் சடங்கு. போனவரின் பெயரை ஒரு செம்புத் தண்ணீருக்குள் சொல்லி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவோம். அதற்குப் பிறகு அந்தப் பெயரை ஊருக்குள் யாரும் சொல்லக்கூடாது, எழுதக்கூடாது. அழக்கூடாது. திட்டிவாசலைத் தாண்டியவர் திரும்பி வரக்கூடாது. பார்க்கப் போகிறேன் என்று தன் காலால் நடந்து தாண்டியவருக்கும் அதே சட்டம்தான்.

என் மனைவி மாசி மாதம் தாய்வீட்டுக்குப் போனாள்.

இன்று காலை, ஆற்றுநீர் மதிலுக்கு உள்ளே வரும் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தேன். ஊர்க்காரன் அல்லாததால் எங்கள் சட்டத்துக்குள் வராமல், அக்கரையிலிருந்து கோயில் மடப்பள்ளிக்கு விறகு ஏற்றிவரும் ஓடக்காரன் மாசாணம் ஓடத்தைக் கட்டிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, தண்ணீரிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"ஐயா, ஒங்க வீட்டம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. வெறும் கஞ்சி எறங்கலையாம், ஊறுகா கேக்கறாங்க."

பங்குனி 5

நேற்று மேலே எழுத முடியவில்லை. வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி இருக்கிறது. அவள் போட்டதுதான். கால்வாசிகூடக் குறையவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலின் சொற்காவல் அலுவலகத்தில் இரண்டாம் இடம். காலை முதல் பஸ்ஸில் கிழக்கு வாசலில் வந்திறங்கும் பத்திரிகைக் கட்டுகள் எங்கள் மேசைக்கு வந்த பிறகுதான் ஊருக்குள் போகும். மாதிரிப் பிரதியில் சாவு சம்பந்தப்பட்டதை எல்லாம் நான் கத்தரித்துக் கொடுப்பேன். அதைப் பார்த்துக் கீழ்த்தளத்தில் மற்றப் பிரதிகளை வெட்டுவார்கள். விபத்து, போர், நினைவஞ்சலி எல்லாம் போகும். பெரிய மனிதர் யாராவது போய்விட்டால் முதல் பக்கமே இருக்காது. சாவுச்செய்திக்குப் பின்பக்கம் கிரிக்கெட் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். ஊரில் பாதிப் பேருக்கு என்மேல் கோபம் அதனால்தான். "ஏன் சார், நேத்து ஜெயிச்சது யாரு?" என்று தெருவில் மடக்குகிறார்கள்.

நான் முதுகலையில் முதல் வகுப்பு. ஆராய்ச்சி செய்தது கையறுநிலைப் பாடல்களைப் பற்றி. அரசனை, நண்பனை இழந்து புலவர்கள் அழுத பாட்டுகள். அந்தப் படிப்பைப் பார்த்துத்தான் இந்த வேலை கொடுத்தார்கள். சாவு எந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடிக்க ஆள் வேண்டுமாம். பள்ளி நூலகத்தில் இருந்த அந்தப் பாட்டுகளின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியதும் நான்தான்.

அலுவலகத் தலைவன் திருமேனிநாதன் என்னோடு படித்தவன். படித்தவன் என்று சொல்வது மரியாதைக்கு. என் விடைத்தாளைப் பார்த்து எழுதித் தேறியவன். அவன் மாமனார் அறங்காவலர். எனக்கு அறங்காவலர் மாமனார் வாய்க்கவில்லை. நாலு பேர் முன்னால் அவன் என்னை 'நீ' என்பான்; நான் அவனை 'நீங்கள்' என்று சொல்ல வேண்டும். இருபது வருடமாக இதை நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை.

பங்குனி 9

துணிந்து கேட்டுவிட்டேன். அவன் அறையில், கதவைச் சாத்திவிட்டு.

"அக்கரையிலேர்ந்து ஒருத்தர் திரும்பி வர வழியிருக்கா?"

"யாரு?" என்றான். நான் பெயரைச் சொல்ல முடியாது என்று தெரிந்துதான் கேட்டான்.

"என் வீட்ல."

"உன் வீட்ல நீ ஒருத்தன்தானேப்பா இருக்கே."

"பண்டிதர் நாடியைத் தப்பா பாத்துட்டார். அவ பொழைச்சுட்டா. எழுந்து உக்காந்து சாப்பிடறா."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பண்டிதர் தானாவா வந்தார்? நீ ஆள் விட்டே, அவர் வந்தார். சுரம் ஏறின மறுநாளே ஆள் விட்டுட்டியாமே. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமேன்னு நானே நெனச்சேன், தெரியுமா?"

இது வீண் பேச்சு. வீட்டுக்குள் ஏதாவது ஆகிவிட்டால் வீடு போகும், வேலை போகும், தெரு முழுவதற்கும் தீட்டுக் கழிக்க வேண்டும். அவனுக்குத் தெரியாததா? சட்டம் தெரிந்தவன் செய்வதைத்தான் நான் செய்தேன். யார் பண்டிதரை வரவழைத்தார்கள் என்பது இப்போது முக்கியமே இல்லை.

"சடங்கு முடிஞ்ச ஆள் தெருவில் நடந்து வந்தா, அம்மை என்ன நெனைப்பா? நிறைமாசக்காரி பயந்துட மாட்டாளா?" என்றான். பிறகு குரலை இறக்கினான். "ஆடியில் வளைகாப்பு முடியட்டும். சபையில் பேசிப் பாக்கறேன். அதுவரைக்கும் வெளியில் மூச்சு விடாதே. உனக்கும் நல்ல காலம் வருது. கெடுத்துக்காதே."

நல்ல காலம் என்னவென்று கேட்கவில்லை. எனக்கே தெரியும். அவன் அறங்காவல் சபைக்குப் போகிறான். அவன் நாற்காலி காலியாகிறது.

பங்குனி 13

மாசாணத்திடம் ஊறுகாய் ஜாடியைக் கொடுத்தனுப்பினேன். எடுத்துப் போவதற்கு ஒரு பொட்டலம் மூக்குப்பொடி கேட்டான். வாங்கிக் கொடுத்தேன்.

பங்குனி 21

"அழுறாங்கய்யா" என்றான் மாசாணம்.

"என்ன ஆச்சு? திரும்பச் சுரமா?"

"சேச்சே. ஒடம்பெல்லாம் ஜம்முன்னு இருக்கு. சும்மா அழுறாங்க. அங்க பொழைச்சு எந்திரிக்கிறவங்க மொதல்ல செய்யற வேலை அதான். சேத்து வெச்சிருப்பாங்கல்ல? ஒருத்தர் ஆரம்பிச்சா அக்கம்பக்கத்துல எல்லாரும் வந்து கட்டிப்பிடிச்சு உக்காந்துக்குவாங்க. எனக்கே அழுகை வந்துருச்சுன்னா பாத்துக்கங்க. எனக்குன்னு அழ ஒரு நாதியும் கெடையாது, போன வருசம் ஓடிப்போன மாட்டை நெனச்சுக்கிட்டேன்."

"எதுக்கு அழறாளாம்?"

அவன் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான். "பிள்ளைக்குய்யா. ஒங்களுக்கு ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சாமே."

இருந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே திட்டிவாசல் வழியாகப் போய்விட்டது. பெயர் இல்லாததால் செம்புக்குள் என்ன சொல்வது என்று தெரியாமல் வெறும் தண்ணீரைக் கொட்டினோம். மறுநாள் அவள் வழக்கம்போல வாசலில் கோலம் போட்டாள். அது அம்மைக்கு வளைகாப்பு மாதம், எல்லோரும் பெரிய கோலமாகப் போட வேண்டும். உள்ளே வந்தவள் அடுக்களையில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டில் கேட்கும் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்புறம் அவள் அழுது நான் பார்த்ததில்லை. மனசு தேறிவிட்டாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

சித்திரை 1

வருடப்பிறப்பு. எதிர்வீட்டு சௌந்திரம் அக்கா மாங்காய்ப் பச்சடி கொண்டுவந்தாள். அவள் கணவர் தாய்வீட்டுக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஊரில் பெண்கள் பூவும் பொட்டும் எடுப்பதில்லை. அம்மை பார்த்துவிடக் கூடாதல்லவா? ஆகையால் அக்கா இன்றும் தலைகொள்ளாத மல்லிகைப்பூவோடு வந்தாள். அறுபது வயதில் அந்தப் பூ அவளுக்குப் பாரமாகத்தான் இருக்கும்.

"தம்பி, ஒண்ணு கேள்விப்பட்டேன். கேக்கலாமா?"

"கேளுங்கக்கா."

"அங்க போனவங்க எந்திரிச்சு உக்காருவாங்களாமே."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

"இல்ல... எங்க வீட்லயும் அப்படி எந்திரிச்சிருப்பாங்களோன்னு. மூச்சிரைப்புதான் இருந்துச்சு. போறப்போ வாசப்படியில கையை ஊனிக்கிட்டாரு. போக மாட்டேன்னுட்டு. நான்தான் வெரலை எடுத்துவிட்டேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள். தெருவில் நின்று பேசும்போது எங்கள் ஊரில் எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். "அந்த ஓடக்காரனை ஒங்களுக்குத் தெரியுமாமே. கேட்டுச் சொல்றீங்களா?"

சித்திரை 6

கேட்டேன். அவர் பிழைத்திருக்கிறார். எட்டு வருடம் இருந்திருக்கிறார். மூச்சிரைப்பு அங்கே ஆற்றங்காற்றில் குறைந்துவிட்டதாம். கத்தரித்தோட்டம் போட்டாராம். காலையில் எழுந்ததும் கோபுரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வாராம். "சாமி கும்பிடறீகளான்னு கேப்பேன். இல்லடா, அதுக்குப் பின்னாடி ரெண்டாவது தெருவுல எங்க வீடு இருக்குன்னு சொல்லுவாரு." இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் இறந்தாராம்.

மாலையில் அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"அன்னைக்கே முடிஞ்சுதாம்க்கா. கஷ்டப்படலையாம்."

"அப்படியா" என்றாள். "நல்லதாப் போச்சு." பூவைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

வேறு என்ன சொல்வது? எதை வெட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதுதானே என் தொழில்.

வைகாசி 2

அவளிடமிருந்து சொல் வந்தது. மாசாணம் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

"'அவரைக் கெளம்பி வரச்சொல்லு. என்னை உள்ளே கூப்பிட மனு எழுதிட்டு உக்காந்திருக்க வேண்டாம், நான் வர்றதா இல்லை. இங்கே வாய்விட்டு அழலாம். சிரிக்கணும்னா நெஜமாச் சிரிக்கலாம். கல்யாணமான புதுசுல எனக்கு ராத்திரி ராத்திரி படிச்சுக் காட்டுவாரே, அந்த அழுகைப் பாட்டு, அதை மாதிரியே இங்கே எல்லாரும் பாடறாங்கன்னு சொல்லு. வந்து கேக்கச் சொல்லு. புத்தகமெல்லாம் வேண்டாம். மூக்குக்கண்ணாடி மறந்துடாம எடுத்துட்டு வரச்சொல்லு.' இதான் சொன்னாங்க."

"வர்றதா இல்லைன்னா சொன்னா?"

"ஆமாய்யா. நல்லாக் காதுல வாங்கிக்கிட்டேன்."

அவள் எப்போதும் பிடிவாதக்காரி. நான் ஒருவன் இங்கே தலைவன் முன்னால் கூனிக் குறுகி நிற்பது யாருக்காக? திட்டிவாசலைத் தாண்டினால் திரும்பி வர முடியாது என்று அவளுக்குத் தெரியாதா? வீடு, வேலை, பென்ஷன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே போய்க் கத்தரித்தோட்டம் போடுவதா? முதுகலை முதல் வகுப்பு.

வளைகாப்பு முடியட்டும் என்று சொல்லியனுப்பினேன்.

வைகாசி 19

வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். உப்பு அதிகம்.

ஆனி 7

திருமேனிநாதனின் நாற்காலிக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்களாம். கீழ்த்தளத்தில் எல்லோரும் எனக்கு முன்கூட்டியே வணக்கம் போட ஆரம்பித்துவிட்டார்கள். கிரிக்கெட்டைக் காப்பாற்றும்படி ஒருவர் இப்போதே விண்ணப்பித்துவிட்டார்.

இதில் எனக்கு ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். தலைவன் ஆனால் சபைக்கு நேரடியாகப் பேசலாம். பிழைத்தவர்களைத் திரும்ப அழைக்கச் சட்டம் திருத்தலாம். ஒரு நல்ல காரியத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். அவளிடம் இதை மாசாணம் மூலம் விளக்கமாகச் சொல்லியனுப்பினேன்.

ஆனி 8

பதில் கேட்டேன். "என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலைய்யா. சிரிச்சாங்க."

"எப்படிச் சிரிச்சா?"

"நெஜமாத்தான்."

ஆடி 3

மேல்காற்று ஆரம்பித்துவிட்டது.

இதையும் விளக்க வேண்டும். ஆடியில் காற்று ஆற்றைத் தாண்டி மேற்கிலிருந்து அடிக்கும். அக்கரையின் ஒப்பாரி ஊருக்குள் கேட்கும். அதனால் இந்த மாதம் மட்டும் மேலைத் திட்டிவாசலில் இடைவிடாமல் நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பார்கள். ஒரு குழு களைத்தால் இன்னொரு குழு. அப்படி வாசிக்க வேண்டியிருந்ததால்தான் அதற்கொரு திருவிழாவே உண்டாயிற்று என்பது என் எண்ணம். அம்மைக்கு வளைகாப்பு. ஊர்ப் பெண்கள் எல்லோரும் கண்ணாடி வளையல் கொண்டுவருவார்கள். மதிலைச் சுற்றிக் கயிறு கட்டி அதில் கோப்பார்கள். காற்றில் அத்தனை வளையலும் கலகலக்கும். மடப்பள்ளியில் புளியோதரை, தேங்காய்ச் சாதம், மாங்காய்ச் சாதம் என்று மலை மலையாகக் குவிந்திருக்கும். வெளியூரிலிருந்து பார்க்க வருபவர்கள் உலகத்தில் இவ்வளவு மகிழ்ச்சியான ஊர் உண்டா என்று வியந்துவிட்டுப் போவார்கள்.

திருமேனிநாதன் கூப்பிட்டான். இந்த வருடம் திட்டிவாசல் மேடையில் வாழ்த்து வாசிக்கப்போவது நான்தான். அடுத்த தலைவன் என்று ஊருக்குக் காட்டும் வழக்கம் அது.

ஆடி 8

ஆற்றில் புதுத் தண்ணீர். செந்நிறம். மாசாணம் விறகை இறக்காமல் எனக்காகக் காத்திருந்தான். மூக்குப்பொடி கேட்கவில்லை.

"அம்மாவுக்கு மறுபடியும் சுரம்யா. அக்கரையில நெறைய பேருக்கு. புதுத்தண்ணி."

"மருந்து?"

"கஷாயம் குடுக்கறாங்க. ஒங்களை வரச்சொன்னாங்க. இந்தத் தடவை வேற ஒண்ணும் சொல்லலை. வரச்சொல்லுன்னு மட்டும்தான். கெளம்புங்க, நான் இப்பவே ஏத்திட்டுப் போறேன்."

படித்துறையிலிருந்து திட்டிவாசல் இருபது அடிகூட இருக்காது. கதவு திறந்துதான் இருந்தது. பகலில் அதை மூடுவதே இல்லை. நான் ஈர வேட்டியோடு நின்றேன்.

"நாளன்னிக்கு வளைகாப்பு, மாசாணம். வாழ்த்து நான்தான் வாசிக்கணும். முடிஞ்சதும் வரேன்னு சொல்லு. சாயங்காலமே வந்துடறேன்."

"சாயங்காலமா?"

"ஆமா. சத்தியமா."

அவன் ஓடத்தை அவிழ்த்தான். "அய்யா, நாடி பாக்க மட்டும் ஒங்களுக்கு அவசரம்" என்றான். சரியாகக் காதில் விழவில்லை. அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆடி 10

வாசித்தேன்.

மேடையில் பட்டு அங்கவஸ்திரம் போட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆறு. இந்தப் பக்கம் ஊர் முழுவதும், கை நிறைய வளையல்களோடு. பின்னால் கோபுரம். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இன்றுபோல அது அழகாக இருந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் விளக்கு, மாவிலை. உச்சியில் புறாக்கள் காற்றை எதிர்த்துப் பறந்து பறந்து அதே இடத்தில் நின்றன.

வாழ்த்தில் பாதி வந்திருப்பேன். தவில்காரர் வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தார். நாதஸ்வரக்காரர் அதே நேரத்தில் சீவாளி மாற்றினார். இரண்டு பேரும் ஒன்றாக நிறுத்தக்கூடாது என்பது விதி. புதுப் பையன்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்த இடைவெளியில் காற்று வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முன்னால் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள். நான் படித்த கையறுநிலைப் பாடல்கள் எதுவும் அப்படி இருக்கவில்லை. எல்லாம் காகிதம். ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு பெயரை நீட்டிக் கூப்பிட்டார்கள். இந்த ஊரில் யாரும் சொல்லக்கூடாத பெயர். நான் செம்புக்குள் சொல்லிக் கொட்டிய பெயர்.

முன்வரிசையில் சௌந்திரம் அக்கா நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தவில் பிடித்துக்கொண்டது.

விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தேன். குரல் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை என்று திருமேனிநாதன் தோளைத் தட்டினான்.

சாயங்காலம் திட்டிவாசல் வரைக்கும் போனேன்.

ஆடி 11

அலுவலகம் போனேன். கோபுரப் படத்தோடு திருவிழாச் செய்தி முதல் பக்கத்தில். வெட்ட ஒன்றும் இல்லை.

ஆடி 12

மாசாணம் சொன்னான். எட்டாம் தேதி சாயங்காலம் அவளிடம் என் பதிலைச் சொல்லியிருக்கிறான். "சரி, அவருக்குத் திருவிழா" என்றாளாம். மறுநாள் காய்ச்சலில் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாளாம். பத்தாம் தேதி விடியும்போது முடிந்துவிட்டது.

"எப்படி எடுத்தீங்க? யார் கொள்ளி..."

"அங்க யாருக்கும் யாரும் சொந்தமில்லைய்யா. அதனால எல்லாரும் சொந்தம். கத்தரித்தோட்டத்துக்காரரு பக்கத்துல வெச்சிருக்கு. பக்கத்துல சின்னதா ஒரு மேடு உண்டாக்கச் சொல்லி முன்னயே கேட்டிருந்தாங்களாம், புள்ளைக்கு. அதையும் செஞ்சோம்."

பதினாறாம் நாள் காரியம் நான் செய்ய வேண்டும் என்றேன். அதற்குள் எனக்கே நினைவு வந்துவிட்டது. மாசியிலேயே செய்தாகிவிட்டது. இந்த ஊரின் கணக்கில் அவள் சாகவே இல்லை. சாவதற்கு முன்பே அவளுக்குக் காரியமும் முடிந்துவிட்டது. அவளுக்காக நான் செய்ய இப்போது ஒன்றும் மிச்சமில்லை.

மாசாணம் ஊறுகாய் ஜாடியைத் திருப்பிக் கொடுத்தான். கழுவி, துடைத்து, வாய்க்குத் துணி கட்டி வைத்திருந்தாள்.

ஆடி 14

தலைவனாகிவிட்டேன். சந்தனம், மாலை, சிற்றுரை. திருமேனிநாதன் எல்லோர் முன்னாலும் என்னை 'நீங்கள்' என்றான். இருபது வருடம் காத்திருந்த சொல். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

சபையில் உன் விஷயத்தைப் பேசட்டுமா என்று தனியாகக் கேட்டான். தேவையில்லை என்றேன். "நல்லது, அதுவே சரியாப் போச்சு" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவன் மனைவியும் தாய்வீட்டுக்குப் போனவள்தான், அது எனக்கு மறந்தே போயிருந்தது. எந்த வருடம் என்று யோசித்துப் பார்த்தேன். அவன் ஒரு நாள்கூட லீவு எடுத்ததாக ஞாபகம் இல்லை.

ஆடி 17

சௌந்திரம் அக்கா வந்தாள். கையில் தூக்குவாளி. ரசம்.

"அன்னைக்குக் காத்துல வந்துச்சே, அந்தப் பேரு..." என்றாள். சிரிக்கவில்லை. தெருவில் நின்றுகொண்டு சிரிக்காமல் பேசினாள். "அப்போ இத்தனை நாளும் இருந்திருக்கா."

"ஆமாக்கா."

"எங்க வீட்லயும் இருந்தாரா, தம்பி?"

ரசம் சுட்டது. தூக்குவாளியை மாற்றிப் பிடித்தேன். தலைவனாகி மூன்று நாள்தான் ஆகிறது. சாவுச் செய்தி சொன்னவரையும் திட்டிவாசல் வழியாக அனுப்பலாம் என்று சட்டம் இருக்கிறது. அதை நகல் எடுத்து வாசலில் ஒட்டியவன் நான்.

"எட்டு வருஷம்" என்றேன். "கத்தரித்தோட்டம் போட்டிருந்தார். காலையில் உங்க வீடு இருக்கிற திசையைப் பாத்து உக்காந்திருப்பாராம்."

தலையிலிருந்த பூவை எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆடி 18

பெருக்கு. ஊரெல்லாம் படித்துறையில். அலுவலகத்தில் நான் மட்டும்.

பங்குனியிலிருந்து எழுதியவற்றை ஒரு தடவை வாசித்தேன். பழக்க தோஷம், கை தானாகக் கத்தரியைத் தேடியது. பண்டிதரைப் பற்றி எழுதிய இடத்தில் வெட்டலாமா என்று பார்த்தேன். படித்துறையில் நின்ற இடத்தில். அக்காவிடம் சொன்ன முதல் பதிலில். வெட்ட ஆரம்பித்தால் காகிதமே மிஞ்சாது போலிருந்தது. கத்தரியை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன்.

இதை வெளியூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பப்போகிறேன். எந்தப் பத்திரிகை என்பது முக்கியமில்லை. தினமும் என் மேசைக்கு வருகிறவைதான் எல்லாம். அச்சிட்டால் அதுவும் காலை முதல் பஸ்ஸில் கட்டோடு கட்டாக இங்கேதான் வரும். மாதிரிப் பிரதியை என் முன்னால் விரித்து வைப்பார்கள். அன்றைக்கு நான் கத்தரியை எடுப்பேனா மாட்டேனா என்று இன்றைக்கே எழுதி வைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஏற்கெனவே ஒருமுறை சத்தியம் செய்திருக்கிறேன்.

கிழக்கு வாசலுக்கு வெளியே பஸ் நிலையத்தில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. அங்கே போடலாம். அந்த வாசல் வழியாகப் போனால் திரும்பி வரலாம். எனக்கு எப்போதுமே அந்த மாதிரி வாசல்தான் வாய்க்கிறது.

அடியில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். பெயர் போட்டால் இது ஒருவனுடைய புலம்பலாகிவிடும். பெயர் இல்லாவிட்டால் இந்த ஊரின் எந்த வீட்டிலிருந்தும் வந்ததாக இருக்கும் என்று ஒரு காரணம் தோன்றியது. நல்ல காரணம்தான். அவள் இருந்தால் சிரித்திருப்பாள், நிஜமாகவே.

என் பெயர் இல்லாமலே அனுப்புகிறேன். இதில் ஒரு பெயர் இருந்தால் போதும். அதை நான் மாசியிலிருந்து எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், யாரும் வெட்டாமல் இருக்கட்டும்.

வடிவாம்பாள்.